மாமனாரின் துப்பாக்கியைக் குளிப்பாட்டிய கதை

கல்யாணமான புதிதில் ஆண்களுக்கு ஒரு வியாதி வரும். மாமனார் வீட்டில் எதைப் பார்த்தாலும் சரிசெய்யத் தோன்றும். சுவர்க் கடிகாரம் மெதுவாக ஓடினால் ஸ்டூல் போட்டு ஏறுவார்கள். ரேடியோ கரகரத்தால் அதன் முதுகைக் கழற்றுவார்கள். பெரும்பாலோர் கிணற்று மோட்டாரில் ஒரு தடவை ஷாக் அடித்ததும் குணமாகிவிடுவார்கள். நான் துப்பாக்கி வரைக்கும் போனேன்.

இது நடந்தது 1983-இல். என் மைத்துனன் முரளி எண்பத்து நாலு என்று சொல்லித் திரிகிறான். என் மனைவி சரோஜா எண்பத்தைந்து என்கிறாள். இரண்டும் தப்பு. கிரிக்கெட்டில் இந்தியாவுக்கு உலகக் கோப்பை வந்த ஆண்டு, புரட்டாசி முடியப்போகிற நேரம். என்னைக் கேலி செய்கிறவர்கள் ஆண்டையாவது சரியாகச் சொல்லலாம். அந்த மரியாதைகூட எனக்குக் கிடைத்ததில்லை.

அப்போது தேனி பஜாரில் எனக்குக் கடிகாரக் கடை. அப்பா வைத்த கடை, அவருக்குப் பிறகு என் கைக்கு வந்தது. அந்த வருஷம் மெட்ராஸுக்குப் போனபோது ஒரு மொத்த வியாபாரியின் கடையில் பார்த்து மயங்கி, ஓர் அல்ட்ராசானிக் மெஷினை வாங்கி வந்திருந்தேன். பார்வைக்கு ஒரு பெரிய எவர்சில்வர் டிபன் டப்பா, அவ்வளவுதான். உள்ளே கழுவும் திரவத்தை ஊற்றி, கழற்றிய கடிகாரச் சாமான்களைக் கம்பிக் கூடையில் போட்டு முக்கி, சுவிட்சைத் தட்டினால் தொட்டி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிரும். காதுக்குச் சிள்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்கும். திரவத்தில் பொடிக் குமிழிகள் பிறந்து பிறந்து உடைந்து, பிரஷ் நுழையாத பொந்திலெல்லாம் புகுந்து அழுக்கைப் பிடுங்கும். பித்தளைச் சக்கரத்திலிருந்து அழுக்கு புகையாகக் கிளம்புவதைப் பார்க்கச் சாயங்காலத்தில் கடை வாசலில் கூட்டம் நிற்கும்.

தேனியிலிருந்து கம்பம் வரை இப்படி ஒன்று வேறு யாரிடமும் இல்லை என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். (சரிபார்த்தேனா? இல்லை.) கேட்டவர்களுடைய மோதிரம், மூக்குக் கண்ணாடி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் இலவசமாகக் கழுவிக் கொடுத்தேன். பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் தன் பல்செட்டைக் கொண்டுவந்தார். அதையும் கழுவினேன். திரவத்தின் வாடை அவர் வாயை விட்டுப் போகாததால் ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

மாமனார் பெயர் திருமலைச்சாமி. ஊர், கோம்பைக்கும் பண்ணைப்புரத்துக்கும் நடுவில். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை, பங்காளிகள் இன்னும் இருக்கிறார்கள். அவருக்கு வாழை, நிலக்கடலை, கொஞ்சம் இலவந்தோப்பு. இவற்றோடு லைசென்ஸ் உள்ள ஓர் இரட்டைக் குழாய்த் துப்பாக்கி. அது சீமையில் செய்தது. ஏலத்தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் அவருடைய தாத்தா வாங்கியது.

அந்தத் துப்பாக்கிக்கு வருஷத்துக்கு ஒரு நாள் வேலை உண்டு. விஜயதசமி அன்று மாலை அந்த ஊர்ப் பெருமாள் குதிரை வாகனத்தில் ஊர் எல்லையில் உள்ள பொட்டலுக்கு வேட்டைக்குப் போவார். பட்டர் நாலு திசைக்கும் அம்பு விடுவார். அது முடிந்ததும் மாமனார் வீட்டுத் துப்பாக்கி வானத்தைப் பார்த்து இரண்டு முறை வெடிக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்ட பிறகே சாமி திரும்பும். சாமி முன்னால் பாய்ந்த சிறுத்தையைத் தாத்தா சுட்டதற்காக ஊர் கொடுத்த உரிமை என்பார்கள். (நான் விசாரித்த வரையில் அது காட்டுப்பன்றி. அதுவும் சாமி கடந்து போன பிறகு வந்திருக்கிறது. இதை மாமனாரிடம் சொன்னது என் மணவாழ்க்கையின் முதல் தவறு.) அந்த உரிமையால் அவர்கள் வீட்டுக்கு 'வேட்டு வீடு' என்றே பெயர். தபால்காரர்கூட விலாசத்தைப் படிக்காமல் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

முந்தின வருஷம் முதல் குழாய் வெடித்தது, இரண்டாவது வெடிக்கவில்லை. காரணம் எளிது. ஆயுத பூஜைக்கு அந்தத் துப்பாக்கிக்கு அப்பிய சந்தனமும் குங்குமமும், அதன் மேல் ஊற்றிய விளக்கெண்ணெயும் மூன்று தலைமுறையாகச் சேர்ந்து உள்ளே ஒரு களிமண்ணாகி இருந்தன. ஆனால் மாமனாரின் சித்தப்பா மகன் கெங்குசாமி வேறு காரணம் சொன்னார். பெருமாளுக்கு அந்த வீட்டு வேட்டு சலித்துவிட்டது என்று ஊர்க் கூட்டத்தில் பேசினார். அவரிடமும் லைசென்ஸோடு ஒற்றைக் குழாய்த் துப்பாக்கி ஒன்று இருந்தது. கூட்டம் நடுவாக ஒரு தீர்ப்புச் சொன்னது: வரும் விஜயதசமிக்கு வழக்கம்போலத் திருமலைச்சாமியே சுடட்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் உரிமை கெங்குசாமி வீட்டுக்குப் போகும்.

மாமனார் கோபத்தில் அதற்கு ஒத்துக்கொண்டு வந்துவிட்டார். வந்த பிறகுதான் அவருக்குப் பயம் பிடித்தது. அந்த வருஷம் முழுக்க அவர் வீட்டில் வேறு பேச்சே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் துப்பாக்கி, மழை பெய்தால் துப்பாக்கி, கடலை விலை இறங்கினாலும் துப்பாக்கி.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கும் வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படி ஒரு வேட்டைக்காரர் பத்திரிகையில், சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளையும் துப்பாக்கியின் சின்னச் சாமான்களையும் அல்ட்ராசானிக் மெஷினில் கழுவுவதைப் பற்றிப் படம் போட்டு எழுதியிருந்தார்கள். மாமனாருடைய தோட்டாக்களும் பித்தளைதான். காகிதத் தோட்டாவைப் போல ஒரு தடவையோடு அதன் கதை முடியாது. சுட்ட கூட்டை எடுத்து, அடியில் தீப்பொறிக்குப் புதுக் கேப்பு அடித்து, வெடிமருந்து போட்டு, மேலே சக்கை வைத்து இறுக்கினால் மறுபடி தோட்டா. சாமி வேட்டுக்கு ஈய ரவை போடுவதில்லை, சத்தம் மட்டும் போதும். அவருடைய கூடுகள் எல்லாம் புகையிலை போடுகிறவரின் பல்லைப் போல இருந்தன.

அந்தக் கட்டுரையில் மிதமான சோப்புத் தண்ணீர் போதும் என்றும், கழுவிய பிறகு நன்றாக எண்ணெய் போட வேண்டும் என்றும் தெளிவாகவே எழுதியிருந்தது. எழுதியவர் கடிகாரக்காரர் அல்ல என்பதால் அவருடைய அறியாமையை நான் மன்னித்துவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், ஒரு சனிக்கிழமை, மாமனார் துப்பாக்கியை மெத்தை உறையில் சுற்றி, பஸ்ஸில் ஜன்னல் ஓர ஸீட்டில் அதை உட்கார வைத்து, தான் நின்றுகொண்டே தேனிக்கு வந்தார். கடைக்குள் வந்ததும் தொட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குழாய் இதற்குள் நுழையாதே என்றார். நுழையாது, குழாயைக் கம்பி விட்டுத் தேய்த்துக் கொள்ளலாம், கேப்பைத் தட்டும் சுத்தியல், விசை, திருகாணி, தோட்டாக் கூடு இவைதான் உள்ளே போகும் என்று விளக்கினேன். பேசிக்கொண்டே துப்பாக்கியின் பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டேன். என் தொழிலுக்குத் திருகாணி என்றால் பயமில்லை.

முதலில் துப்பாக்கிச் சாமான்கள். சுவிட்சைத் தட்டியதும் சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் கலந்து ஒரு மாதிரிச் செம்மண் நிறத்தில் கிளம்பின. மாமனார் குனிந்து பார்த்தார். முகம் குழந்தை முகம்போல ஆகிவிட்டது.

"ஏ ஆத்தா. எங்க தாத்தா வச்ச பொட்டுல்ல மாப்ள இது."

கழுவி, அலசி, துடைத்து மேஜையில் வரிசையாக வைத்தேன். எஃகு சாம்பல் நிறத்தில் புத்தம் புதிதாக நின்றது. அவர் மடியிலிருந்து விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்தார். நான் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். அதோடு நிற்காமல் ஒரு பிரசங்கமும் செய்தேன். அதிக எண்ணெய்தான் எந்த யந்திரத்துக்கும் எமன், எண்ணெய் அழுக்கைக் கூப்பிடும், நல்ல கடிகாரத்துக்கு எண்ணெய் போட்டதே கண்ணுக்குத் தெரியக் கூடாது, இந்த மாதிரி. பிறகு என் எண்ணெய் ஊசியை எடுத்தேன். அதன் முனையில் நிற்பது எறும்பின் கண்ணீர் அளவு. சுத்தியல் சுழலும் இடத்தில் ஒரு தொடுதல், விசையில் ஒரு தொடுதல். காட்டுப்பன்றி சுடுகிற துப்பாக்கிக்கு ஒரு பெண்பிள்ளைக் கைக்கடிகாரத்துக்கான எண்ணெயைப் போட்டு மூடினேன். மாமனார் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். படித்த மாப்பிள்ளை கிடைத்த பெருமை அந்த முகத்தில் இருந்தது. அதற்குப் பிறகு அந்த முகத்தில் அதை நான் பார்க்கவில்லை.

இடது குழாய் என் கணக்கு. அதை நான் மறுக்கவில்லை.

அடுத்தது தோட்டாக் கூடுகள். கடிகாரம் கழுவும் திரவத்தில் அம்மோனியா உண்டு. மூடியைத் திறந்தால் மாட்டுக் கொட்டிலில் தலையை விட்ட மாதிரி இருக்கும். பித்தளைச் சக்கரங்களைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் எடுத்து அலசிவிட வேண்டும் என்பது கடைக்கு வந்த முதல் நாளே அப்பா எனக்குச் சொன்னது. கூடுகளைப் போட்டேன், உரிய நேரத்தில் எடுத்தேன். தங்கம் மாதிரி இருந்தன. எனக்கு அதுவே போதும். மாமனார் ஒன்றைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு கருப்பு இருந்தது.

"இன்னுங் கொஞ்ச நேரம் போடுங்க மாப்ள. கெங்குசாமிக்குக் கண்ணு கூசணும்."

"ரொம்ப நேரம் போடக் கூடாது மாமா. பித்தளைக்கு ஆகாது."

"அது உங்க கடியாரச் சாமான், சீக்காளிச் சாமான். இது தோட்டா. வேட்டிய ஊற வைக்காம வெளுத்தா வெள்ளையா வருமா? ஊறட்டும்."

மறுபடி போட்டேன். சுவிட்சைத் தட்டிய சிறிது நேரத்தில் கரண்ட் போனது. அந்த வருஷம் மழை பொய்த்து அணைகளில் தண்ணீர் இல்லாமல் பவர் கட் சக்கைப் போடு போட்டுக்கொண்டிருந்தது. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கூடையைத் தூக்கப் போனேன். மாமனார் கையை அசைத்தார். "கெடக்கட்டும்ங்கிறேன்ல. அது பாட்டுக்கு ஊறுது. வாங்க, சாப்டப் போவம்."

இந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்யாணமாகி இன்னும் ஒரு தீபாவளிகூட ஆகவில்லை. மாமனார் கைக்குள் நிற்கிற மாப்பிள்ளை என்று பெயர் எடுக்க ஆசை. தொட்டியை மூடிவிட்டு, கடையைப் பூட்டிவிட்டு, அவரோடு சாப்பிடப் போனேன். சாப்பிட்டதும் அவரையும் துப்பாக்கியையும் ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சாயங்காலம் கடை திறக்கவில்லை. மறுநாள் ஞாயிறு, கடை அடைப்பு. திங்கட்கிழமை காலையில் கூடையைத் தூக்கியபோது திரவம் நல்ல நீல நிறத்தில் இருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். பித்தளையிலிருந்து செம்பு கரைந்து வந்த நிறம் அது என்று இப்போது தெரியும்.

கூடுகள் ஜொலித்தன. தொழில் புத்தியில் ஒன்றைக் கண்ணில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வாய் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. இன்னொன்றில் இரண்டு. மனசு கேட்காமல் அன்றே ஊருக்குப் போய், லென்ஸையும் கூடுகளையும் மாமனாரிடம் கொடுத்துக் காட்டினேன். அவர் லென்ஸை வாங்கவே இல்லை.

"வெறுங் கண்ணுல தெரியுதா? தெரியல. கண்ணாடி போட்டுப் பாத்தா ஊரே விரிசலாத்தான் தெரியும் மாப்ள."

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வலது குழாய் அவர் கணக்கு. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

ஆயுத பூஜை அன்று துப்பாக்கி கோயில் மண்டபத்தில் சாமி முன்னால் வைக்கப்பட்டது. வழக்கம்போலச் சந்தனம், குங்குமம், மாலை. வருஷம் முழுக்கப் பெய்யாத மழை அன்று மலையிலிருந்து இறங்கிச் சாரலாக அடித்தது. மண்டபத்துக்குள் வந்த ஈரத்தில் சந்தனம் கரைந்து இடது பக்கத் தகட்டுக்குள் இறங்கியிருக்கிறது. மூன்று தலைமுறை விளக்கெண்ணெய் உள்ளே இருந்திருந்தால் அந்தத் தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கும். நான்தான் உள்ளே அத்தனை எண்ணெயையும் வழித்துத் துடைத்து, துரு குடிவர வீட்டைக் காலி செய்து வைத்திருந்தேனே.

விஜயதசமி மாலை பொட்டலில் நல்ல கூட்டம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஊர்க் கூட்டத்தின் தீர்ப்பு அதற்குள் மார்க்கையன்கோட்டை வரைக்கும் பரவியிருந்தது. சாமி பார்க்க வந்தவர்களைவிடத் துப்பாக்கி பார்க்க வந்தவர்கள் அதிகம். மாமனார் பட்டு வேட்டி, தலையில் உருமால். கெங்குசாமி துணிப்பையில் சுற்றிய ஒன்றை அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். அது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னார்.

மாமனார் தோட்டாவைப் போடுவதற்கு முன்னால் அதை உயர்த்திப் பிடித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். தீவட்டி வெளிச்சத்தில் அது மின்னியது. கூட்டத்தில் ஒரு 'ஓ' எழும்பியது. "எல்லாம் எம் மாப்ள வேல. சீம மிசினு" என்று ஊர்ப் பெரியவரிடம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கத்தினால் அல்ல, அடக்கம் தெரிய வேண்டும் என்பதற்காக.

பட்டர் நாலாவது அம்பை விட்டார். கொட்டு நின்றது. மாமனார் துப்பாக்கியைத் தூக்கி இடது சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தார். அது பாதி வந்தது. நின்றது. மேலும் இழுத்தார். வரவில்லை. இரண்டு கட்டை விரலையும் சேர்த்து இழுத்தார். துரு பிடித்த ஜன்னலைத் திறப்பதைப் போலக் காலைப் பரப்பிக்கொண்டு இழுத்தார். பெருமாள் குதிரை மேல் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சளி பிடிச்சிருச்சு போல. குளிப்பாட்டுனாகல்ல" என்று பின்னால் ஒரு பெண்குரல்.

சிரிப்பு ஆரம்பித்தது. மாமனார் இடதை விட்டுவிட்டு வலது சுத்தியலுக்குப் போனார். அது வந்தது. ஏன் வந்தது என்று இன்றைக்கும் நான் வருத்தப்படுகிறேன். விசையை அழுத்தினார். கேப்பு அடித்தது. பிறகு நனைந்த சரவெடி மாதிரி ஒரு 'புஸ்'. புகை குழாய் முனையில் வரவில்லை, பின்னால் வந்தது. மாமனாரின் உருமால் கீழே விழுந்தது. வலது பக்கத்து மீசை பொசுங்கிச் சுருண்டது. வேறு ஒன்றும் ஆகவில்லை, அந்த அளவில் பெருமாள் காப்பாற்றினார். துப்பாக்கியை மடக்கிப் பார்த்தால், என் தங்கத் தோட்டா முற்றிய இலவங்காய் மாதிரி நீளவாக்கில் பிளந்து குழாய்க்குள் சிக்கி நின்றது. உருவ வரவில்லை. விரலால், கத்தி முனையால், எதற்கும் வரவில்லை. இன்னொரு தோட்டா போட வழியில்லை.

ஊர்ப் பெரியவர் தொண்டையைக் கனைத்தார். கெங்குசாமி துணிப்பையை அவிழ்த்தார். அவசரப்படவில்லை. அவ்வளவு மெதுவாக ஒரு மனிதன் ஒரு முடிச்சை அவிழ்த்து நான் பார்த்ததில்லை.

"சாமிய காக்க வைக்கப்படாது" என்றார். சுட்டார். மறுபடி போட்டுச் சுட்டார். மலையில் போய் மோதி எதிரொலி வந்தது. சாமி திரும்பியது.

மாமனார் என் பக்கம் திரும்பினார். பொண்ணு பார்க்கப் போன நாளிலிருந்து என்னை 'நீங்க' என்று மட்டுமே சொன்னவர். கூட்டத்தைப் பார்த்து, என்னைக் கையால் காட்டி, "இவன்தான். இவன் கையில குடுத்தேன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ஊறப் போடச் சொன்னது யார் என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். அவருடைய பாதி மீசையைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். ஊர் இரண்டு குழாயையும் என் கணக்கிலேயே எழுதிக்கொண்டது.

அன்றைக்கு மாமியார் எனக்குச் சோறு போட்டார், குழம்பு ஊற்ற மறந்துவிட்டார். கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. சரோஜா பஸ்ஸில் தேனி வரும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். 'உங்களை யாரு கழுவச் சொன்னது?' என்று இறங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நல்ல கேள்வி.

அடுத்த விஜயதசமியிலிருந்து வேட்டு கெங்குசாமி வீட்டுக்குப் போனது. கொஞ்ச நாளில் 'வேட்டு வீடு' என்ற பெயரும் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டது. மாமனார் துப்பாக்கியை மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடையில் கொடுத்துவிட்டார், திரும்ப எடுக்கவில்லை. விஜயதசமி அன்று காது வலி என்று பஞ்சு வைத்துக்கொண்டு உள்ளறையில் படுத்துக்கொள்வார். தேனிக்கு வந்தால் என் கடைக்கு வருவதில்லை. அவருடைய கைக்கடிகாரம் பழுதானபோது என் கடைக்கு நேர் எதிரில் இருந்த கடையில் கொடுத்தார். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து, அது பழுது பார்க்கப்படும் வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை பஜாருக்கும் வந்து சேர்ந்தது. கடிகாரம் கொடுக்க வருகிறவர்கள், "சும்மா துடைச்சுக் குடுங்க, குளிப்பாட்ட வேணாம்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் மெஷினை ஒரு பல் டாக்டருக்கு விற்றேன். அவர் ஊருக்குப் புதியவர்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து கூடுகள் ஏன் விரிசல் விட்டன என்பதற்கு ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில் விடை கிடைத்தது. வெள்ளைக்காரர்கள் காலத்தில், பட்டாளத்துப் பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டனவாம். காரணம் தெரியாமல் தவித்துப் பிறகு கண்டுபிடித்தார்கள்: தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருக்கிறார்கள். குதிரைகளின் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, ஈரத்தோடு சேர்ந்து பித்தளையை உள்ளுக்குள் அரித்திருக்கிறது. படித்ததும் எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்வது. ஒரு பெரிய சாம்ராஜ்யமே செய்த தவறு அது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மறுநாளே ஊருக்குப் போனேன். ஊறப் போட்டதுதான் காரணம் என்பதை, யாரையும் குற்றம் சொல்லாமல், சரித்திரத்தின் வாயால் அவருக்குப் புரியவைத்துவிடலாம் என்பது என் திட்டம்.

மாமனார் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். வீட்டில் எல்லோரும் இருந்தார்கள்.

"அப்ப நீ எங்க பாட்டன் துப்பாக்கியக் குதுர மோத்துரத்துலயா கழுவுன?"

அவ்வளவுதான். அதுவரை வெறும் குளிப்பாட்டாக இருந்த கதைக்கு அன்றிலிருந்து குதிரையும் சேர்ந்தது. முரளி சொல்லும்போது இப்போது குதிரைதான் முதலில் வரும். சாமியின் குதிரை வாகனத்தையும் அதோடு சேர்த்து அவன் ஏதோ சொல்வான், அதை இங்கே எழுத முடியாது.

மாமனார் இறந்தது 1988 ஆவணியில். (முரளி ஐப்பசி என்பான். ஆவணி.) வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டும் நேரம் வந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக எண்ணெய் வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். என் முறை வந்தது. சொம்பில் தண்ணீரை மொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன். மீசை இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. ஊறப் போடச் சொன்னது யார் என்று கேட்காமலே விட்ட அந்த ஒரு கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. அதைத் தண்ணீரோடு சேர்த்து ஊற்றி முடித்துவிடலாம் என்று நினைத்துக் கையைத் தூக்கினேன்.

முரளி என் கையைப் பிடித்தான். அழுது அழுது அவன் கண் சிவந்திருந்தது.

"மச்சான், நீங்க வேணாம். கொண்டுபோற வரைக்குமாச்சும் அப்பா முழுசா இருக்கட்டும்."

ஒப்பாரி ஒரு கணம் நின்றது. எங்கேயோ ஒருத்தி மூக்கால் சிரித்தாள். பிறகு அது பரவியது. மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கினார். சரோஜா கன்னத்தில் கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அழுகையை விட்டு இறங்க அவர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது, அதற்கு நான் அகப்பட்டேன். இது எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்ததால் கசப்பு குறையவில்லை. சொம்பை முரளியிடம் கொடுத்தேன்.

பாடையைத் தூக்கும் நேரத்தில் கெங்குசாமி தெருமுனையில் துப்பாக்கியோடு வந்து நின்றார். அவரும் அழுதிருந்தார்.

"அண்ணே போறாக. வேட்டு இல்லாமப் போகப்படாது" என்றார்.

முதல் வெடி வெடித்தது. துப்பாக்கியை மடக்கினார். கூடு தானாக வழுக்கிக்கொண்டு வந்து மண்ணில் விழுந்தது. அடுத்ததைப் போட்டார். அதுவும் வெடித்தது, அதன் கூடும் அப்படியே வந்து விழுந்தது. இரண்டும் கருத்து, பச்சைக் களிம்பேறி, வாங்கிய நாளிலிருந்து ஒரு துணியைக்கூடப் பார்க்காத கூடுகள். என் காலடியில்தான் கிடந்தன. கூட்டத்தில் ஒருவர்கூட அவற்றைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.